பழைய ஜீப்பும் வாய்மையும்

குறையை மறைத்துப் பொருளை விற்பவன் பொய்யன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. குறையை நாம் மறைக்கவும் இல்லை, கேட்காததால் சொல்லவும் இல்லை என்பவனை என்னவென்று அழைப்பது? அவன் வாயிலிருந்து ஒரு பொய்ச்சொல்லும் வரவில்லை. வாங்கியவனோ ஏமாந்து நிற்கின்றான். பொய்யே சொல்லாத ஒருவனால் இன்னொருவன் ஏமாற முடியுமானால், வாய்மை என்பது நாவின் கடமை மட்டுந்தானா, அதற்கு அப்பாலும் செல்லுமா? இவ்வினாவைச் சிறிது ஆராய விழைகின்றோம்.

எடுத்துக்காட்டாக நாம் கொள்வது ஒரு பழைய ஜீப் வண்டி. சங்க மலருக்குக் கட்டுரை வரைவோர் கண்ணகியின் சிலம்பையோ பாரியின் தேரையோ எடுத்துக்கொள்வது வழக்கம். ஜீப்பா என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. பாரியின் தேரும் ஓர் ஊர்திதான். அவன் அதனை முல்லைக்குக் கொடுத்தானேயன்றி விற்கவில்லை; ஆதலால் அதன் அச்சு தேய்ந்திருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. விலைக்கு வரும் ஊர்தியின் கதை வேறு.

புதிய பொருளை வாங்குபவனுக்கு உத்தரவாதச் சீட்டு துணை நிற்கின்றது. பழைய வீட்டை வாங்குபவன் ஒரு மழைக்காலம் பொறுத்திருந்தால் கூரையின் உண்மையைக் கூரையே சொல்லிவிடும். பழைய ஜீப் அத்தகையதன்று. சாலை முடிந்துபோகும் இடத்துக்கு அப்பால் செல்வதற்கென்றே அதனை வாங்குகின்றோம். ஆகவே அதன் குறையும் சாலை முடிந்துபோன இடத்தில்தான் வெளிப்படும். ஓடை மணலில், மலைச்சரிவில், கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லாத வேளையில். விற்றவர் அப்போது தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பார்.

ஜீப் பிறந்ததே போரில். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் ஓய்ந்ததும் எஞ்சியவை பல நாடுகளில் ஏலத்துக்கு வந்தன. நம் நாட்டிலும் பொதுமக்கள் கைக்கு முதலில் வந்த ஜீப், பட்டாளம் ஓட்டிக் கழித்த பழைய ஜீப்தான். 1947இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி முடிக்கும் பணியைத் தொடங்கினர். 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர், வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் புழுதி கிளப்பாத சிற்றூர் அரிதாயிற்று. அவ்வண்டிகள் தேய்ந்து ‘கண்டம்’ ஆனதும் ஏலத்தில் உழவர் கைக்கும் தரகர் கைக்கும் வந்தன. ஜபல்பூரில் படைக்கெனச் செய்யப்பட்ட ஜோங்கா வண்டிகளும் இவ்வழியே வந்தவைதாம். ஒரு கையிலேயே பிறந்து ஒரு கையிலேயே முடிந்த ஜீப்பைக் காண்பது கடினம். நான்கு கை, ஐந்து கை மாறியிருக்கும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில உண்மைகள் உதிர்ந்திருக்கும்.

இனிச் சத்தியவேட்டுக்கு வருவோம். ஊத்துக்கோட்டைக்கு வடக்கே, தமிழக எல்லையைக் கடந்த சிறு தொலைவில் உள்ள ஊர் அது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள், பட்டாஸ்கர் தீர்ப்பையொட்டி எல்லை திருத்தப்பட்டபோது, செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த பல சிற்றூர்கள் ஆந்திரத்துக்குச் சென்று சத்தியவேடு வட்டமாயின; திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. வயலும் கிணறும் இருந்த இடத்திலேயே இருந்தன, மாநிலம் மாறியது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. பெயரிலேயே சத்தியம் உண்டு. அதனால் அங்கே வண்டி வாங்குவது எளிது என்று எவரும் எண்ணிவிட வேண்டா.

எம் சிற்றப்பா வடநாட்டில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முன்னோர் விட்டுச்சென்ற நிலம் சத்தியவேட்டுக்கு அருகே மலையடிவாரத்தில் இருந்தது. அதனைத் திருத்த ஊர் திரும்பினார். மழை பெய்தால் மாட்டுவண்டியும் திணறும் வழி. 2019இல் அவர் பழைய ஜீப் ஒன்று தேடியபோது, விடுப்பில் சென்றிருந்த நாமும் உடன் சென்றோம்.

முதலில் கண்ட வண்டி மணப்பெண் போல இருந்தது. புதுப் பச்சை வண்ணம், புது இருக்கை, புதுத் தார்ப்பாய். சிற்றப்பா குனிந்து அடியில் பார்த்தார். முன் அச்சுக்கு விசை கொண்டுசெல்லும் ஷாஃப்ட்டே இல்லை. எப்போதோ கழற்றி எடுத்துவிட்டிருக்கின்றனர். ஓட்டுநர் காலருகே நான்கு சக்கர இயக்கத்துக்கான லீவர் மட்டும் அழகாக நின்றது. விற்பவரைக் கேட்டபோது அவர் சிறிதும் கலங்கவில்லை. “ஃபோர்வீல் லீவர் இருக்கான்னு கேட்டீங்க சார், இருக்குன்னு சொன்னேன். இழுக்குமான்னு நீங்க கேக்கவே இல்லையே!” என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நாம் அவ்வாறு கேட்கவில்லைதான்.

இரண்டாவது வண்டி நான்கு கல் தொலைவில், ஒரு முதியவரின் களத்து மேட்டில் நின்றது. அவர் பேசத் தொடங்கியதும் அழைத்துச் சென்ற தரகர் முகம் கறுத்தது. “சார், இது வண்டியோட பொறந்த இஞ்சின் இல்ல. பெட்ரோல் இஞ்சின எடுத்துட்டு டீசல் வெச்சது. புக்குல ஏத்தியிருக்கு, நம்பரப் பாத்துக்குங்க. எறக்கத்துல ரெண்டாவது கியர் தானா கழண்டுக்கும், கையால பிடிச்சுக்கணும். எடது பக்கம் சேசிஸ்ல ஒரு வெல்டு இருக்கு, குனிஞ்சா தெரியும்” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “எல்லாத்தையும் இப்பவே சொல்லணுமா பெரியப்பா?” என்றார் தரகர். “பின்ன, வண்டி போனப்பறம் யார்கிட்ட சொல்றது?” என்றார் முதியவர்.

ஓட்டிப் பார்த்தாயிற்று, விலை பேசியாயிற்று, முன்பணம் எண்ணப்படுகின்றது. அப்போது வாயிற்படியில் நின்ற அவருடைய மருமகள், “மாமா, பிரேக்கு ரெண்டு தரம் மிதிக்கணும்னு சொன்னீங்களா?” என்று கேட்டாள். முதியவர் திகைத்துவிட்டார். “அட, சொல்லலையேம்மா! எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல. கால் தானா மிதிச்சுடுது” என்றார்.

அக்காலத்து ஜீப்புகளில் பிரேக் எண்ணெய் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றில் செல்லும். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களின் பிடியும் தளரும். முதல் மிதியில் பெடல் தரை வரை இறங்கும், இரண்டாம் மிதியில்தான் பிடிக்கும். பழகிய காலுக்கு இஃது ஒரு பொருட்டன்று. பழகாத கால் மலைச்சரிவில் முதன்முறை மிதிக்கும்போது என்ன ஆகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சத்தியவேட்டில் கண்ட இந்த இருவரையும் நம் சட்டத்தின் முன் நிறுத்திப் பார்ப்போம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடி இன்னதென வரையறுக்கின்றது. துறைத்தேர்வுக்குப் படித்த அன்பர்கள் அறிந்திருப்பர்: வெறும் மௌனம் மோசடியாகாது என்பது பொதுவிதி. அதற்கு அச்சட்டம் காட்டும் உவமை ஒரு குதிரை. ஒருவன் தன் குதிரைக்கு நோய் இருப்பதை அறிந்தும் ஒன்றும் சொல்லாமல் அதனை ஏலத்தில் விற்றால், அது மோசடியன்று. வாங்குபவள் விற்பவனின் மகளாக, அப்போதுதான் உரிய வயதை அடைந்தவளாக இருந்தால், அவளிடம் சொல்ல வேண்டியது அவன் கடமை என்கின்றது அடுத்த உவமை. நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமாக உள்ளதென்றே கொள்வேன் என்று வாங்குபவர் கூறிய பின்னும் வாய் திறவாமல் இருந்தால், அம்மௌனமும் பேச்சேயாகும் என்பது மூன்றாவது. முதல் வண்டிக்காரர் இச்சட்டத்தைப் படித்தவர் போலவே நடந்துகொண்டார். ஆயினும் லீவரை இருக்கின்றது என்று சொன்னவர், அது எதற்காக இருக்கவேண்டியது என்பதை அறியாதவர் அல்லர். வழக்கு நடந்தால் வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும்.

அரசு அலுவலகத்தில் காலம் கழிக்கும் நமக்கு இன்னொரு தொடரும் பழக்கமானது. கழிக்கப்பட்ட ஊர்திகளின் ஏல அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்று தவறாமல் எழுதுவோம். இத்தொடரை ஏமாற்று என்று சொல்லமாட்டோம். இன்ன நாளில் இன்ன நேரத்தில் வந்து பார்வையிடலாம் என்றும் அதே அறிவிப்பில் எழுதுகின்றோமல்லவா? கண் திறந்திருக்கும்போது வாய் மூடியிருப்பது பெருங்குற்றமன்று. ஆயினும் அவ்வண்டிக்கு என்னென்ன பழுது எந்தெந்த நாளில் பார்க்கப்பட்டது என்னும் லாக் புத்தகம் அதே அலுவலகத்தின் அலமாரியில் தூங்கும். அதனையும் எடுத்து வண்டியின் பக்கத்தில் வைத்தால் என்ன கெட்டுவிடும் என்பது நமக்கு நெடுநாளாக விளங்காத ஒன்று.

இவ்வாராய்ச்சி நமக்கு முன்பே நடந்ததுதான். உரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில், டயோஜெனிஸ் என்னும் ஆசிரியரும் அவர் மாணவர் ஆன்டிபேட்டரும் இதே பொருளில் மாறுபடுகின்றனர். ஒருவன் தன் வீட்டை விற்கின்றான். வீடு உடல்நலத்துக்கு ஒவ்வாதது, அறைகளில் நச்சுயிர்கள் உலவுவது, மரம் உளுத்தது என்பது அவன் ஒருவனுக்கே தெரியும். அவன் சொல்ல வேண்டுமா? வேண்டா, வாங்கச் சொல்லி எவரும் வற்புறுத்தவில்லையே என்பது ஆசிரியர் கட்சி. கெட்ட வீடு விற்பனைக்கு என்று பறையறைவோர் உண்டா என்றும் அவர் நகையாடுகின்றார். வழி தவறியவனுக்கு வழிகாட்டாமல் விடுவதும் இதுவும் ஒன்றே. அதனினும் கொடிது, ஏனெனில் தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் செலுத்துகின்றாய் என்பது மாணவர் கட்சி. சிசரோ மாணவர் பக்கமே நின்றார். நாமும் அங்கேயே நிற்கின்றோம். நம் வள்ளுவர் இதனை நடுவுநிலைமையில் வைத்து, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகர்க்கு வணிகம் என்றார். சட்டம் மகளுக்கு மட்டும் வைத்த கடமையை வள்ளுவர் ஊர்பேர் தெரியாத அயலானுக்கும் வைத்துவிட்டார் என்பதே நாம் கொள்ளும் பொருள்.

டயோஜெனிஸ் கட்சியில் நியாயமே இல்லையா என்றால், உண்டு. வாங்குபவனுக்கும் கண் உண்டு. 1948இல் காஷ்மீரப் போரின்போது படைக்கு ஜீப்புகள் தேவைப்பட்டன. இலண்டனில் இருந்த நம் தூதரகத்தின் வழியே, பழைய ஜீப்புகளைப் புதுப்பித்துத் தருவதற்கு ஓர் அயல்நாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. தொகையில் பெரும்பகுதி முன்னதாகவே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்த 155 வண்டிகள் படைக்குப் பயன்படாதவை எனக் கண்டனர். நாடாளுமன்றத்தில் பெரும்புயல் எழுந்தது. 1955 செப்டம்பரில் அரசு அதனை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதன் அரசியலுக்குள் நாம் புகவில்லை. ஓட்டிப் பாராமலும் குனிந்து பாராமலும் பணத்தை எண்ணி வைப்பவன் ஒரு தனி உழவனாயினும் ஒரு பேரரசாயினும் விளைவு ஒன்றே என்பதற்காகச் சொன்னோம். எனினும், வாங்குபவன் உறங்கினான் என்பதால் விற்றவன் நல்லவன் ஆகிவிடமாட்டான். இரண்டு கணக்குகளும் தனித்தனி.

முதல் வண்டிக்காரரைப் பற்றிப் பேசுவது எளிது. நம் சிந்தையை அலைக்கழிப்பவர் அந்த முதியவர்தான். அவர் சொல்ல விரும்பினார்; சொன்னார்; தரகர் தடுத்தும் சொன்னார். இருந்தும் உயிருக்கு இறுதியாகக்கூடிய அந்த ஒரு குறை மட்டும் அவர் நாவுக்கு வரவில்லை. கியர் நழுவுவது அவருக்குத் தொல்லை. ஆதலால் நினைவில் இருந்தது. பிரேக்கோ அவர் உடம்போடு உடம்பாகிவிட்டது. ஒரு பொருளோடு நெடுங்காலம் வாழ்ந்தவனுக்கு அதன் குறை குறையாகத் தோன்றுவதில்லை, பழக்கமாகத் தோன்றுகின்றது. வண்டியைச் சாவியோடு கொடுத்துவிடலாம். அந்த இரண்டாம் மிதியைக் கற்றுக்கொண்ட காலை எவ்வாறு கொடுப்பது?

ஆகவே, தெரிந்ததை மறைக்காமல் இருந்தால் வாய்மை நிறைவேறிவிட்டது என்பது போதாது என்று கருதுகின்றோம். தன் பொருளை ஒருமுறையேனும் அயலான் கண்ணால் பார்த்து, தனக்கு மறந்துபோனவற்றைத் தேடி எடுக்க வேண்டியிருக்கின்றது. இது தனியே ஆகிற செயலும் அன்று. அந்த வீட்டில் மருமகள் நினைவூட்டினாள். அவள் அவ்வண்டியை ஓட்டியவள் அல்லள். அருகில் அமர்ந்து அஞ்சியவள். அஞ்சியவர்களைக் கேட்டால்தான் சில குறைகள் தெரியவரும் போலும்.

இதில் வாங்குபவர் பக்கத்து அறம் ஒன்றும் உண்டு. முதியவர் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கேட்டிருந்தார். பிரேக் செய்தி வெளிவந்ததும் சிற்றப்பா இருபத்தையாயிரத்தைக் குறைத்துவிட்டார். திரும்பும் பேருந்தில் இது பற்றி எமக்குள் நீண்ட வாதம் நடந்தது. “குறை இருக்குது, விலை குறையுது. இதுல என்னப்பா தப்பு?” என்றார் அவர். பிரேக்கைச் சீர்செய்ய ஆகும் செலவைக் குறைப்பது முறை; வாய்மையைக் கண்டு அதற்குமேல் ஒரு ரூபாய் குறைத்தாலும், அடுத்த முறை வாய் திறவாதே என்று முதியவருக்கு நாமே பாடம் சொல்கின்றோம் என்பது எம் கட்சி. முதல் வண்டிக்காரரும் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் சொல்லி, இப்படி நாலைந்து முறை விலை இழந்தவராக இருக்கலாம் அல்லவா? சிற்றப்பா விடையளிக்கவில்லை. பட்டறையில் பிரேக் வேலைக்குப் பதினான்காயிரம் ஆயிற்று. எஞ்சிய பதினோராயிரத்தைத் தீபாவளிக்கு முன் முதியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று பின்னர்ச் சித்தி சொல்லித்தான் எமக்குத் தெரியும்.

நம்மைப் போல் தலைநகரில் வாழ்வோர்க்கு இவ்வினா வேறொரு வடிவில் வந்து நின்றது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர்ப் பகுதியில் ஓடலாகாதென்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. அதன்பின் தடையின்மைச் சான்று பெற்றுப் பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்ட வண்டிகள் பல. ஏன் விற்கின்றீர் என்று வாங்குபவர் கேட்டால், இடமாற்றம் என்று சொல்வோரை நாம் அறிவோம். விற்கும் காரணமும் வண்டியின் ஒரு பகுதிதான், அதனையும் சொல்லவேண்டும். புதிய மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், வரி கட்ட வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். இவை வாங்குபவருக்கு. நம் நகரத்துக் காற்றுக்கு ஆகாது என்று விலக்கிய புகை இனி அவ்வூர்க் குழந்தைகளின் காற்றில் கலக்கப்போகின்றதே, அதனை யாரிடம் சொல்வது? அவர்கள் வாங்குவோரும் அல்லர், விலை பேசியோரும் அல்லர். இதற்கு நம்மிடம் தெளிவான விடை இல்லை.

சட்டம் காட்டிய அந்த மகளை மீண்டும் நினைத்துக்கொள்கின்றோம். நம் பிள்ளைகளுக்கு நாம் ஜீப் விற்கப்போவதில்லை. ஆனால் ஊரைக் கொடுக்கின்றோம். விடுமுறை தோறும் சொல்லிச் சொல்லி, நம் ஊர், நம் தெரு, நம் மக்கள் என்று ஒரு பழைய உடைமையை அவர்கள் கையில் வைக்கின்றோம். புதுவண்ணம் பூசித்தான் வைக்கின்றோம். கிணற்றடியில் யாருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது, எந்தத் தெருவில் செருப்பணிந்து நடக்க யாருக்கு உரிமையில்லாமல் இருந்தது, எந்த அத்தை எதனால் படிக்கவைக்கப்படவில்லை என்பவற்றைச் சொல்கின்றோமா? மறைக்க வேண்டும் என்பது நம் எண்ணமன்று. அந்த முதியவரின் கால்போல, நமக்கு அவை பழகிப்போயின. கேட்காததால் சொல்லவில்லை என்றும் சொல்லிக்கொள்வோம். பிள்ளைகள் ஒருநாள் தாமே அங்கே சென்று, தாமே முதல் முறை மிதித்துப் பார்ப்பார்கள்.

சிற்றப்பாவின் ஜீப் இன்னும் ஓடுகின்றது. இருக்கைக்கு அடியில், கருவிப் பெட்டியோடு, நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருக்கின்றார். முதல் பக்கத்தில் முதியவர் சொன்ன மூன்று குறைகள்; நான்காவதாக, சீர்செய்த நாளோடு பிரேக். அதன்பின் அவர் கையால் ஏழோ எட்டோ சேர்ந்துள்ளன. சென்ற ஆண்டு ஊருக்குச் சென்றபோது புரட்டிப் பார்த்தோம். இடையில் இரண்டு வரிகள் வேறு கையெழுத்தில் இருந்தன. ஒன்று, கதவில்லாத பக்கம் உட்காருவோர் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை என்பது. மற்றொன்று, மழை நாளில் துடைப்பான் ஓட்டுபவர் பக்கம் மட்டுமே துடைக்கின்றது என்பது. இரண்டும் சித்தியின் எழுத்து.